கண்ணாடிக்கு உள்பக்கம்

மலாங்,
11 பிப்ரவரி 2019

வெனிங் எம்பாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உறையின் பின்பக்கம் பார்த்ததுமே எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால் நன்றி. நான் முர்னி. ஹார்தோனோவின் மனைவி. ‘இப்போதைய’ என்று சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் விட்டுவிட்டேன். அக்கா முறையில் எம்பாக் என்று எழுத உங்களிடம் அனுமதி வாங்கவில்லை. வயதில் மூத்தவரை வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்த வாரம் மரியாதைக்காக உங்களுக்குப் போன் செய்தேன். பேரைச் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு என் எண்ணிலிருந்து உங்களுக்கு எதுவுமே போவதில்லை. அதனால்தான் தபால்.

விஷயம் கினாந்தியின் கணினி. நீங்கள் கல்யாணப் படங்களைத் திருத்தப் பயன்படுத்தி, போகும்போது அவளுக்கென்று விட்டுப்போன அந்தப் பெரிய கணினி. இது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். பாண்டுங்கில் வடிவமைப்புக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். ஏப்ரல் முடிவதற்குள் அவள் வரைந்த சித்திரங்களை அனுப்ப வேண்டுமாம். எல்லாவற்றையும் அந்தத் திரையில்தான் வரைகிறாள்.

திரையில் கறை விழுந்திருக்கிறது. இடதுபக்கம் நடுவில் புகை படிந்த மாதிரி ஒரு பெரிய திட்டு. மேலே வலது மூலையில் இன்னொன்று. துணியால் துடைத்தேன், மூக்குக்கண்ணாடி துடைக்கும் நீர் போட்டுத் துடைத்தேன், போகவில்லை. விரலை அதன் மேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் புரிந்தது. என் விரல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, கறை அந்தப் பக்கம் இருக்கிறது.

"பழசு. தூக்கிப் போட்டுட்டு வேற பாக்கலாம்" என்றார் ஹார்தோனோ. அன்றைக்கு கினாந்தி சாப்பிட வரவில்லை. பிறகு நான் கணினி பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். கண்ணாடியைக் கழற்றி உள்ளே துடைத்தால் போதும் என்றார் அவர். அவள் எழுந்து குறுக்கே நின்றுவிட்டாள். "இதை இபு மட்டும்தான் திறப்பாங்க, தாந்தே. அவரைப் போகச் சொல்லுங்க."

அம்மா என்ற இபு உங்களுக்கு மட்டும்தான்; என்னை அவள் தாந்தே என்றுதான் அழைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியையும் அப்படித்தான் அழைக்கிறாள்.

நீங்கள் அதை எப்படித் திறப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

முர்னி


பாத்தாம்,
20 பிப்ரவரி 2019

திருமதி முர்னி,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

அதைத் தொட வேண்டாம். கடைக்காரர் யாரையும் கூட்டி வரவும் வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பது எண்ணெய்ப் புகை. அந்தக் கணினி அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து மேலே விடும். காற்றில் என்ன இருக்கிறதோ அது உள்ளே படியும். நான் இருந்தவரை அது படுக்கையறையில், அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருந்தது. நீங்கள் வீட்டிலேயே சோயாத் தெம்பேயைச் சிப்ஸாக வறுத்துக் கடைகளுக்குப் போடுவதாகக் கேள்வி. நல்ல தொழில். ஆனால் என் மகள் என்ன நிறம் பார்க்கிறாள் என்பதை உங்கள் வாணலி தீர்மானிக்கக் கூடாது.

இப்போது அது எங்கே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கினாந்தியிடம் கேட்டேன். சமையலறைக்கு வெளியே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் என்றாள். யார் மாற்றியது என்று கேட்டேன். "தாந்தே மாத்தினாங்க. இங்க நல்லாத்தான் இருக்கு இபு" என்றாள். அவள் நல்லா இருக்கு என்று சொன்னது உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கை எழுதிவிட்டது, அடித்துவிட மனமில்லை.

நான் இங்கே அச்சகத்தில் வர்ணம் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். நோன்பு முடிந்து லெபரான் பண்டிகைக்குத்தான் விடுமுறை கிடைக்கும். வந்து நானே திறப்பேன். அதுவரை அது அப்படியே இருக்கட்டும்.

வெனிங்


மலாங்,
1 மார்ச் 2019

வெனிங் எம்பாக்,

லெபரான் ஜூனில் வருகிறது. கல்லூரிக்கு அனுப்ப வேண்டியது ஏப்ரலில். என் கடிதத்தில் தேதியை எழுதியிருந்தேன். நீங்கள் அந்த வரியைப் படிக்கவில்லை, வாணலியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புகை என்னுடையதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணினியை ஏன் மாற்றினேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

நான் வந்த பிறகு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் திரையோடுதான் இருப்பாள். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான் எனக்கு. மழைக்காலத்தில் அவள் அறையில் கூரை ஒழுகியது. அதைச் சாக்காக வைத்துக் கணினியை வெளியே கொண்டுவந்தேன். கூரையைச் சரிசெய்த பிறகும் திருப்பி வைக்கவில்லை. நான் வறுப்பேன், அவள் வரைவாள். பேச மாட்டோம். அவள் முதுகையாவது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது சொல்லுங்கள். சமையலறைத் தட்டுகள் உங்கள் உயரத்துக்கு அடித்தவை. மிளகாய்த் தூள் எடுக்க நான் ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது. போன லெபரானுக்கு மாமியார் எல்லோர் முன்னாலும் என்னை வெனிங் என்று கூப்பிட்டார். யாரும் திருத்தவில்லை. நானும் "இதோ வரேன்மா" என்று போய்விட்டேன். உங்கள் முகத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் உங்களோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கினாந்தி ஒரு சித்திரத்தைக் கடையில் அச்சிட்டு வந்தாள். பசார் பெசார் சந்தையில் மீன் விற்கும் பெண்ணின் முகம். எனக்கே கண்ணெடுக்க முடியவில்லை, அவ்வளவு அழகு. ஆனால் இடது கன்னத்தில் சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளைத் திட்டு. அந்த இடத்தில் திரையில் கறை. முகம் இருட்டாகத் தெரிகிறதே என்று அவள் வெளுக்க வெளுக்கத் தீட்டியிருக்கிறாள். பள்ளி ஆசிரியர் அதைப் பார்த்து இது என்ன தோல் நோயா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து கிழித்துவிட்டாள். துண்டுகளைக் குப்பையில் போடாமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்திருங்கள். லெபரான் வரை காக்க முடியாது.

முர்னி


பாத்தாம்,
9 மார்ச் 2019

திருமதி முர்னி,

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. கண்ணாடிக் கடைகளில் கண்ணாடியைத் தூக்க வைத்திருக்கும் ரப்பர் கப் இரண்டு, மெல்லிய துணி நான்கு. துணியைத் துவைக்க வேண்டாம், புதியதாகவே பயன்படுத்துங்கள்.

ஒரே நிபந்தனை. கினாந்திதான் செய்ய வேண்டும். அவள் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். கண்ணாடியின் மேல் அவள் கை மட்டும் படட்டும். நீங்கள் சமையலறையில் இருங்கள். அன்றைக்கு அடுப்பு எரியக் கூடாது.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, கணினி நன்றாக ஆறட்டும். குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் காற்றிலிருக்கும் தூசி அடங்கிவிடும். அதன் பிறகு அந்தக் குளியலறைக் கதவருகில் மேசை போட்டு அங்கே செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி ஒட்டப்பட்டதல்ல, காந்தம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரப்பர் கப்புகளை மேல் மூலைகளுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தி, தன் பக்கமாக மெல்ல இழுத்தால் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் விரிசல் விடும். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மடித்த சாரோங் மேல் படுக்க வைக்க வேண்டும்.

பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்கட்டும். பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கறுப்புத் திரையை அழுத்தவே கூடாது. அதில் தூசி இருந்தால், அமுக்கினால் காற்று விடும் ரப்பர் பந்தால் ஊதினால் போதும், வாயால் ஊத வேண்டாம்.

அவள் கிழித்த படத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் "நல்லா போயிட்டிருக்கு இபு" என்றாள். பெற்றவளுக்கு நல்ல செய்தி, உங்களுக்குக் கிழிந்த துண்டுகள். இதில் எது மேலானது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

வெனிங்


மலாங்,
18 மார்ச் 2019

வெனிங் எம்பாக்,

நேற்று திறந்தோம். ‘தோம்’ என்று எழுதியதற்கு மன்னியுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் வறுவலை நிறுத்திவிட்டேன். சிப்ஸ் வாங்கும் கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். நீங்கள் சொன்னபடி குளியலறை, தண்ணீர், சாரோங் எல்லாம் தயார். நானும் நீங்கள் சொன்னபடி சமையலறையில் போய் நின்றேன். கினாந்தி இரண்டு கப்பையும் வைத்தாள், இழுத்தாள். கைகள் எட்டவில்லை. உங்களைப் போல அவளுக்கு நீளக் கை இல்லை, அப்பாவின் கை. ஒரு பக்கம் வருகிறது, மறு பக்கம் பிடித்துக்கொள்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் கடிதத்தில் விரிசல் என்ற வார்த்தை இருந்ததே.

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "தாந்தே, சும்மா நிக்கிறீங்களே. வந்து அந்தப் பக்கம் பிடிங்க."

போனேன். சேர்ந்து இழுத்தோம். டப் என்று வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

உள்பக்கம் என் தொழில் முழுக்க ஒட்டியிருந்தது. விரலால் கோடு போடலாம். வெட்கமாக இருந்தது. அவள் துடைத்தாள். இடதுபக்கத் திட்டு போய்க் கண்ணாடி இருப்பதே தெரியாத மாதிரி ஆனது. பிறகு வலது மூலைக்கு வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

எம்பாக், அது திட்டு இல்லை. ஒரு கை. உள்ளங்கையும் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கிறது. எப்போதோ பட்ட கையின் மேல் புகையும் தூசியும் ஒட்டி, இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது.

"இபுவோட கை" என்றாள். துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதைத் துடைக்க மாட்டேன் என்கிறாள். அந்த மூலையை அப்படியே விட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டோம். வரையும்போது நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் சரியாக அந்த இடத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு நிறமும் உங்கள் கைக்குப் பின்னாலிருந்து வருகிறது. இன்று காலை வரைந்த வானம் பழுப்பேறிக் கிடக்கிறது. சொன்னால், "பரவாயில்ல, பழகிடும்" என்கிறாள்.

பள்ளிக்குக் கிளம்பும்போது அந்த மூலையில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். நான் தெம்பே நறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் எனக்கு எப்படி எரிந்தது என்று எழுத முடியாது. பாத்தாமில் இருந்துகொண்டு, கண்ணாடிக்கு உள்ளேயும் இருக்கிறீர்கள். ஒன்றரை வருஷம் சமைத்துப் போட்டவள் ஒரு பக்கம் கப் பிடித்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னால் துடைப்பாள். சொல்லுங்கள்.

முர்னி


பாத்தாம்,
25 மார்ச் 2019

திருமதி முர்னி,

கண்ணாடி பத்திரமாக வந்ததற்கு நன்றி.

கையைப் பற்றி. அவள் துடைக்க விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். குழந்தையின் மனம் அது. வர்ணக் கட்டத்தை இடதுபக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது. அவளுக்கே தெரியும்.

எல்லாத் தட்டும் என் உயரத்தில் இருக்கிறது என்று எழுதினீர்கள். எனக்கு அந்த வீட்டில் ஒரு கைதான் மிச்சம். அதையும் துடைக்கச் சொல்கிறீர்கள்.

வெனிங்


மலாங்,
3 ஏப்ரல் 2019

வெனிங் எம்பாக்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. பதில் எழுதாமல் இருந்திருப்பேன். நேற்று ஒன்று நடந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது ஹார்தோனோவிடம் கையைப் பற்றிச் சொன்னேன். கினாந்தி தோழி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "அது எப்படி அவ கை ஆகும்? அவ போனப்புறம்தானே கணினி செத்துப்போச்சு. கடையில குடுத்து உள்ள என்னவோ மாத்தி வாங்கிட்டு வந்தேன். கினாந்தி அப்ப பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தா" என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார். அவ்வளவுதான் அவருக்கு.

கடைக்குப் போனபோது கண்ணாடியைக் கழற்றித்தானே இருப்பார்கள். நீங்கள் வைத்துவிட்டுப் போன கையாக இருந்திருந்தால் அவர்களே துடைத்திருப்பார்கள், அல்லது அதன் மேல் அவர்கள் கை பட்டிருக்கும். காலையில் அவள் போன பிறகு போய்ப் பார்த்தேன். கட்டை விரல் என் விரலைப் போல இரண்டு மடங்கு.

கினாந்தி தினமும் யாரோ ஒரு கடைக்காரன் கையில் தன் கையை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எம்பாக், பொய் சொல்ல மாட்டேன், சத்தமாகவே சிரித்தேன். அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். உங்கள் கடைசிக் கடிதம் வேறு என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. வந்தாள், பையை வைத்தாள், திரையைப் போட்டாள், அந்த மூலையை ஒரு பார்வை பார்த்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

நான் சொன்னால் அவள் அந்தக் கையை இழப்பாள், என்னையும் வெறுப்பாள். அது மட்டும் காரணமில்லை. அவள் முகத்தில் அது உடைவதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் பாருங்கள், அந்த ஆசை எனக்கே பிடிக்கவில்லை.

ஹார்தோனோவிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்வதும் சொல்லாததும் உங்கள் கையில். அனுப்ப வேண்டிய நாள் நெருங்குகிறது.

முர்னி


பாத்தாம்,
3 ஏப்ரல் 2019

டிக் முர்னி,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தேன்.

அது என் கை இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். கண்ணாடியைத் திறக்கும்போதெல்லாம் நான் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வேன். கல்யாணப் படங்களைக் கையாண்டு பழகிய பழக்கம், வெறும் கையால் கண்ணாடியைத் தொட்டதே இல்லை. உங்களுக்கு அனுப்பிய பெட்டியில் கையுறை வைக்க மறந்துவிட்டேனே என்று அன்றைக்கு முதலில் தோன்றியது அதுதான். அடுத்ததாகத் தோன்றியது, இது யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது.

அவள் உங்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தப் பக்கம் பிடிங்க என்று சொன்னதைப் படித்தேன் அல்லவா, அதன் பிறகு கையைப் பற்றிய வரி வந்தது. பசித்தவளுக்குத் தட்டு வைத்த மாதிரி எடுத்துக்கொண்டேன். யாருடையதோ ஒன்று. என்னுடையது என்று என் மகள் சொன்னால் என்னுடையதுதான் என்று ஒரு வாரம் சுற்றி வந்தேன்.

முந்தாநாள் அவள் ஒரு சித்திரத்தை என் போனுக்கு அனுப்பினாள். படகும் ஆறும். "எப்படி இருக்கு இபு?" நான் வர்ணம் பார்ப்பதையே தொழிலாகச் செய்கிறவள். தண்ணீர் முழுக்கத் தேநீர்க் கறை. வர்ணக் கட்டத்தை அவள் நகர்த்தவில்லை. கையை விட்டு நகர மனமில்லை போலும். நான் "ரொம்ப நல்லா இருக்குடா" என்று எழுதினேன். அனுப்பிவிட்டு அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கே சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்து நானே சொல்கிறேன். அதற்குள் உங்களுக்குக் கிடைக்க இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம். உங்களிடமிருந்து கேட்டால் உங்கள் மேல்தான் கோபப்படுவாள், அது நியாயமில்லை. சொல்லி முடித்ததும் நான் அங்கே இருக்க மாட்டேன், நீங்கள்தான் இருப்பீர்கள். இதை எழுதும்போதே உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. அவள் அழுதால் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். தோளில் கை வைக்காதீர்கள், அழும்போது தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. இப்போதும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது.

தடுத்து வைத்திருந்த உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன்.

வெனிங்


மலாங்,
14 ஏப்ரல் 2019

வெனிங் எம்பாக்,

டிக் என்று எழுதியிருந்தீர்கள். தங்கைக்கு எழுதுவது போல. அந்த ஒரு வார்த்தையை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நம் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கிளம்பி எங்கோ கடல் மேல் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. என் எண்ணைத் திறந்துவிட்டது தெரியும். போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு எல்லாம் வரிசையாக வருகிறது.

நீங்கள் பேசிய அன்று நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் "ம்" என்றாள், "ம்" என்றாள். போனை மேசை மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"தாந்தே, உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எப்பலேருந்து?"

போன வாரத்திலிருந்து என்றேன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அது உங்கம்மா சொல்ல வேண்டியது. நான் சொல்ற விஷயம் இல்ல."

அப்பா அதைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கிய கதையையும் சொன்னேன். பிறகு, "எவனோ ஒருத்தன் கைக்கு தினம் வணக்கம் சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள். தண்ணீர் கொண்டுபோனேன். தோளைத் தொடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, உங்கள் மேல் கோபமாகச் சில வார்த்தைகள் சொன்னாள், அவற்றை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு என் மேலும் சொன்னாள். அப்பா மேல் சொன்னதுதான் அதிகம். "மாத்தினது மாத்தினாரு, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல." எனக்கும் அதேதான் தோன்றியது.

சாயங்காலம் கப்புகளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் பிடித்தேன். கை ஒரே துடைப்பில் போய்விட்டது. அவ்வளவு சுலபமாகப் போகும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

கணினியை அவள் அறைக்கே திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். நான்தான் சொன்னேன். புகை வேண்டாம் என்று. கதவைச் சாத்திக்கொள்வாள் என்று தெரிந்துதான் சொன்னேன். பாதி திறந்து வைத்திருக்கிறாள். அது எனக்காகவா, காற்றுக்காகவா என்று கேட்கவில்லை.

ஆற்றைத் திரும்பவும் வரைந்துவிட்டாள். நேற்று எல்லாவற்றையும் கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள். உங்களுக்கும் அனுப்பியிருப்பாள் என்று நினைக்கிறேன். அனுப்பவில்லை என்றால் இன்னும் கோபம் ஆறவில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் பொறுங்கள்.

லெபரானுக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் தங்க மாட்டீர்கள் என்று தெரியும். சாப்பிடவாவது வாருங்கள்.

முர்னி


மலாங்,
26 ஆகஸ்ட் 2019

வெனிங் எம்பாக்,

நலமா? லெபரானுக்கு வந்துபோனதிலிருந்து நீங்கள் எழுதவே இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் தட்டில் கறி வைக்கப் போய்க் கரண்டிகள் இடித்துக்கொண்டதை ஹார்தோனோ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வந்திருக்காது.

கினாந்தி பாண்டுங் போய் மூன்று வாரம் ஆகிறது. வீடு காலி. கணினியையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டாள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் முன்பு அது இருந்த இடத்தில் சிப்ஸ் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரு நாள் அடுப்பை எரியவிட்டே அந்த மூலையைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டேன், ஒரு தட்டு தெம்பே கருகிப்போனது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்களுக்குப் போன் செய்யும்போது விடுதிக்கார அம்மாளைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? நெனெங் என்று பெயராம். என்னிடம் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை அந்த அம்மாள்தான். அவருக்கு ஜலதோஷக் கஷாயம் தெரியுமாம். அவர் இவளுக்குத் தலை பின்னிவிடுகிறாராம். எனக்குத் தெரிந்து இவள் யாரையும் தலையைத் தொடவிட்டதில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருஷத்தில் சீப்பை நீட்டக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. மூன்று வாரத்தில் பின்னல்.

பொறாமையால் கேட்கவில்லை. விடுதி நல்ல இடமா என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான்.

முர்னி


பாத்தாம்,
4 செப்டம்பர் 2019

டிக் முர்னி,

என்னிடமும் அதேதான். ஜலதோஷம், கஷாயம், பின்னல். போன ஞாயிறு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "ஒரு நிமிஷம் இபு, அவங்க கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

நானும் பொறாமையால் சொல்லவில்லை.

அடுத்த மாதம் எனக்கு நான்கு நாள் விடுமுறை இருக்கிறது. நீங்கள் மலாங்கிலிருந்து ரயிலில் வந்துவிடுங்கள், நான் விமானத்தில் வருகிறேன். பாண்டுங் ரயில் நிலையத்தில் சந்திப்போம். அவளிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சிப்ஸ் நாலு பாக்கெட் எடுத்து வாருங்கள், வெறும் கையோடு போனால் நன்றாக இருக்காது.

இரண்டு பேருமாகப் போய் அந்த அம்மாளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு வருவோம்.

வெனிங்